ஐந்தரைக் கட்டைக் கடமும் 3,400 ரூபாய்ப் பையும்

கச்சேரியில் தாளத்துக்கு வாசிக்கும் மண்பானை வாத்தியமான கடத்தை எடுத்துப் போக இந்தப் பையை வாங்கி மூன்று மாதமாகிறது. மதுரையில் ஒரு வாத்தியக் கடையில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு நிறம், உருண்டை வடிவம், உள்ளே ஸ்பாஞ்ச், மேல்பக்கம் முக்கால் வட்டத்துக்கு ஜிப், தோளில் மாட்ட ஒரு பட்டை, கையில் தூக்க இரண்டு பிடி. வாங்கிய அன்றே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். ஏப்ரலில் இதைத் தூக்கிக்கொண்டு ஆம்னி வேனில் பெங்களூர் போய் வந்தேன். ஒரு வழிக்கே 430 கிலோமீட்டருக்கு மேல். இப்போது எழுதினால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

முதலில், பைக்கு ஏன் இவ்வளவு பணம் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு என் முதல் கடம் உடைந்தது. திருச்சியில் ஒரு கோயில் கச்சேரி முடித்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய போர்வையில் சுற்றி, என் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தேன். அசந்து தூங்கிய நேரத்தில் யாரோ தங்கள் மூட்டைக்கு இடம் செய்ய அதை நகர்த்தியிருக்கிறார்கள். துவரங்குறிச்சி தாண்டி ஒரு பிரேக். போர்வைக்குள் ஓடுகள் கலகலத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து போர்வையை அவிழ்க்கவே இல்லை. அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

என் கடங்கள் மானாமதுரையில் செய்தவை. கடையில் விற்கும் தண்ணீர்ப் பானையோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது. மண்ணைப் பதமாக்கிச் சக்கரத்தில் ஏற்றிய பிறகு, சுவர் முழுக்க ஒரே கனத்துக்கு வரும்வரை மரப்பலகையால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தட்டுதான் கடத்தின் குரல். மானாமதுரைக் கடம் கனமானது, விரலுக்குக் கடுமையானது, ஆனால் அந்தக் கணீர் என்ற உலோகச் சத்தம் வேறு ஊர் மண்ணில் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது இதனால்தான். முதல் கடம் உடைந்த பிறகு நான் அங்கே போய் வரிசையாகத் தட்டிப் பார்த்ததில் பதினோராவது பானைதான் எனக்கு அமைந்தது. சுருதி ஐந்தரைக் கட்டை, துல்லியமாக. (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி உயரும்.) வீட்டுத் தராசில் ஏழரைக் கிலோ. அப்படிக் கிடைத்த ஒன்றைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போக இனி மனசு வராது.

பெங்களூரில் ராமநவமியை ஒட்டி வெயில் காலம் முழுக்கச் சங்கீதம்தான். சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராம சேவா மண்டலி நடத்தும் விழா எல்லோருக்கும் தெரியும். எஸ்.வி.நாராயணசுவாமி ராவ் 1939-இல் தொடங்கியது. அதைத் தவிர ஜயநகர், மல்லேசுவரம் என்று ஊர் முழுக்கச் சின்னச் சின்ன மண்டலிகள், கோயில்கள், தெருப் பந்தல்கள். என்னைப் போல வளர்ந்து வருகிறவர்களுக்கு இடம் கிடைப்பது இந்தச் சின்னப் பந்தல்களில். பெங்களூரில் இருக்கும் ஒரு பாடகி அக்காவுக்கு அப்படி ஒரு கச்சேரி. கடம் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்கு அது முதல் பெங்களூர் மேடை. கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால் அம்மா வாழும் ஊர். ஹரிஹர சர்மாவிடமும் கட வித்வான் விக்கு விநாயக்ராமிடமும் கற்று, பெண்கள் கடம் வாசிக்கலாம் என்பதைத் தன் விரலாலேயே காட்டியவர். அந்த ஊரில் கடத்தோடு மேடை ஏறுகிறேன் என்ற நினைப்பிலேயே இரண்டு வாரம் சாதகம் செய்தேன்.

சரி, பயணம். சித்தப்பாவின் பழைய ஆம்னி. ஓட்டியது என் தம்பி. மிருதங்கம் வாசிக்கும் அண்ணா ஒருவர், வயலின் அக்கா ஒருவர், நான். ஏசி கிடையாது. ஆம்னி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின். ஒரு மணி நேரம் ஓடினால் முன்பக்கத் தரை தோசைக்கல்லாகிவிடும். அதனால் வாத்தியங்கள் எல்லாம் பின்னால்.

இங்கே கடக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். மிருதங்கத்தில் சுருதி கூட்டலாம், குறைக்கலாம். வயலினில் பிரடையைத் திருகினால் போதும். கடம் சூளையிலிருந்து எந்தச் சுருதியில் வந்ததோ அதே சுருதிதான் சாகும்வரை. உள்பக்கம் பிளாஸ்டிசின் களி ஒட்டி ஒரு இம்மி இறக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. பாடகி அக்காவின் சுருதி ஐந்தரை. ஆனாலும் ஐந்து கட்டைக் கடத்தையும் எடுத்துக்கொண்டேன். என் குருநாதர் சொல்லிக்கொடுத்த பழக்கம்: பாடுகிறவர் சொன்ன சுருதிக்கு ஒன்று, அதற்கு அரைக் கட்டை கீழே ஒன்று. புதுப் பையில் ஐந்தரை. ஐந்து கட்டைக் கடம் அளவில் பெரியது, அது வழக்கம்போல அலுமினிய அண்டாவில், சுற்றிலும் இரண்டு போர்வையோடு.

கிளம்பும்போது அப்பத்தா வாசலுக்கு வந்து ஒரு பிரிமணையைக் கையில் கொடுத்தார். வைக்கோல் புரியைச் சுற்றிக் கட்டிய வளையம். "பானைய வெறுந்தரையில வைக்காத தாயி, இதுல வையி" என்றார். பையில்தான் ஸ்பாஞ்ச் இருக்கிறதே அப்பத்தா என்று சொல்லிவிட்டு, அவர் மனம் கோணக் கூடாதென்று வாங்கிப் பின்னால் போட்டேன்.

காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். திண்டுக்கல் தாண்டும்போது விடிந்தது. கரூர் வரை பையைப் பற்றி நினைக்கவே இல்லை, அது நல்ல அறிகுறி. பின் சீட்டில் என் பக்கத்தில் வைத்து, சீட் பெல்ட்டைத் தோள் பட்டைக்குள் விட்டு மாட்டியிருந்தேன். பை உருண்டையாக இருந்தாலும் அடியில் தட்டையாகத் தைத்திருக்கிறார்கள், அதனால் சீட்டில் உட்கார்ந்த மாதிரியே நிற்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைத் தைத்தவரைப் பாராட்ட வேண்டும். நான் பார்த்த மற்றப் பைகள் எல்லாம் பூசணிக்காய் போல உருளும். பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம். தண்ணீர் ஓரமாக ஒரு கோடு மாதிரி ஓடியது. நாமக்கல்லில் இட்லி. வாத்தியத்தை வேனில் விட மனமில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டே ஓட்டலுக்குள் போனேன். கைப்பிடி இரண்டும் நல்ல அகலம், உள்ளங்கையை அறுக்கவில்லை. தோள் பட்டை அப்படி இல்லை. ஒரே பக்கமாக மாட்டுவதால் நடக்கும்போது கடம் இடுப்பில் வந்து வந்து இடிக்கிறது. முதுகில் மாட்ட இரண்டு பட்டை வைத்திருந்தால் ஏழரைக் கிலோவைத் தூக்குவது எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் ஆம்னி இரண்டாவது கியரில் முனகியது. வெயில் ஏறிவிட்டது. மிருதங்க அண்ணாவுக்குத் தன் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல், பற்றிக் கவலை, சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். ஈரத்துண்டைப் பையின் மேலே போட்டுக்கொண்டே வந்தார். கடத்துக்கு அந்த வேதனை இல்லை. கறுப்புப் பை வெளியே தொட்டால் சுட்டது, ஜிப்பைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்தேன், பானை சாதாரணமாகத்தான் இருந்தது. ஸ்பாஞ்ச் தன் வேலையைச் செய்கிறது.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு சர்வீஸ் ரோட்டில்தான் அது நடந்தது. வர்ணம் அடிக்காத வேகத்தடை. தம்பி நல்லாத்தான் ஓட்டுவான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. வேன் மொத்தமும் எம்பி இறங்கியது. பெல்ட் மாட்டியிருந்ததால் பை பக்கவாட்டில் போகவில்லை. ஆனால் உள்ளே இருந்த கடம் தனியாக எம்பி, தனியாக இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். மூச்சே நின்றுவிட்டது. நான் அழுவதைப் பார்த்துத் தம்பி ஓரமாக ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினான்.

கடத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துத் தட்டினேன். வயிற்றில், கழுத்தில், வாயில். கீறல் விழுந்திருந்தால் பானை பொய் சொல்லாது, ஒரு கரகரப்பு வரும். மிருதங்க அண்ணா பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார். மூன்று முறை சுற்றிச் சுற்றித் தட்டிய பிறகு, "ஒன்றும் ஆகலைம்மா, சுத்தமா இருக்கு" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. விக்கு விநாயக்ராம் சாரின் முதல் கச்சேரி தூத்துக்குடியில் ஒரு ராமநவமி விழாவில். மேடையில் வைத்திருந்த கடத்தை ஒரு குழந்தை இழுத்து உடைத்துவிட்டது, அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். வயலின் அக்கா அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினார். எனக்கு அப்படிப்பட்ட மனத்திடம் இன்னும் வரவில்லை.

பையை உள்ளுக்குள் கைவிட்டு ஆராய்ந்தபோது இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, பை ஒரே அளவில்தான் வருகிறது, அது பெரிய கடத்துக்கான அளவு. ஐந்தரைக் கட்டைக் கடம் சின்னது, சுற்றிலும் இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை, எம்பும்போதுதான் தெரிகிறது. இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. பக்கவாட்டில் இருக்கும் ஸ்பாஞ்ச் கெட்டியானது, அழுத்தினால் திரும்பி எழுகிறது. அடியில் வைத்திருப்பது வேறு ரகம். மூன்று மாதம் ஏழரைக் கிலோவைத் தாங்கி அது அப்பளமாகிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் நேராகத் தரை தட்டுகிறது. பானைக்கு அடிதான் முழுப் பாரத்தையும் வாங்கும் இடம். மற்ற எல்லா இடத்திலும் நல்ல ஸ்பாஞ்ச் போட்டுவிட்டு அங்கே மட்டும் மிச்சம் பிடித்திருக்கக் கூடாது.

அப்போதுதான் பிரிமணை ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து எடுத்துப் பையின் அடியில் வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. கடத்தின் அடி வளையத்துக்கு நடுவில் இறங்கி நின்றது, அடிப்புள்ளி எதிலும் படவே இல்லை. பாரம் முழுக்க வைக்கோல் வளையத்தில் சுற்றிலும் பரவிவிட்டது. காலி இடத்துக்கு அண்ணாவின் பழைய வேட்டியை மடித்துச் செருகினோம். அதற்குப் பிறகு ஓசூர், அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் என்று பெங்களூர் நெரிசலுக்குள் போகும்வரை கடம் அசையவில்லை. அங்கிருந்தே அப்பத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நான்தான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்றுதான் கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் கச்சேரி. ஐந்து மணிக்குப் பாடகி அக்கா வந்தார், தொண்டை கட்டியிருந்தது. தொடர்ந்து மூன்று நாள் பாடியிருக்கிறார். தம்பூராவைப் போட்டுப் பாடிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஐந்து கட்டைக்கு இறக்கிக்கலாமா, உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்குமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்குத் தெரியும், மற்ற இருவரும் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்வார்கள். அண்ணா கல்லையும் கட்டையையும் எடுத்து மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி இறக்க ஆரம்பித்துவிட்டார். நான் வேனுக்கு ஓடிப்போய் அண்டாவிலிருந்து ஐந்து கட்டைக் கடத்தைத் தூக்கிவந்தேன். அன்று எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அந்த மேடையில் வாசித்ததற்கல்ல, இரண்டாவது கடம் கொண்டுவந்ததற்கு. மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆதி தாளத்தில் பன்னிரண்டு நிமிடம். எண்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார்கள், யாரும் காபி குடிக்க எழுந்து போகவில்லை. முடிந்ததும் பானகமும், கோசம்பரி என்கிற பருப்புச் சாலடும் கொடுத்தார்கள். வெயிலில் வந்த களைப்புக்கு அந்தச் சுக்கு மணத்தோடு கூடிய வெல்லத் தண்ணீர் போல வேறொன்றும் இல்லை.

கிளம்பும் நேரத்தில் மழை. பெங்களூர் ஏப்ரல் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பந்தலிலிருந்து வேன் நின்ற இடம் வரை ஐந்து நிமிட நடை. ஐந்து கட்டைக் கடத்தைப் புதுப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளித்துணி தண்ணீரை நன்றாகத் தாங்குகிறது. ஜிப் தாங்கவில்லை. கடத்தின் கழுத்துப் பக்கம் உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. ஈரம் பட்ட கடம் காயும்வரை மந்தமாகத்தான் பேசும். ஜிப்புக்கு மேலே ஒரு மடிப்புத் துணி தைத்தால் போதும். ஜிப்பின் உள்பக்கமும் அப்படி ஒரு மடிப்பு வேண்டும், உலோகப் பல் கடத்தின் வாயில் உரசி ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறது. சத்தத்துக்குக் கெடுதல் இல்லை, பார்க்க மனம் வலிக்கிறது.

ஆனால் அந்த ராத்திரி ஒரு நல்லதும் தெரிந்தது. ஐந்து கட்டைக் கடம் இந்தப் பைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. வேட்டி தேவையில்லை, ஆட்டமும் இல்லை. பை அந்த அளவுக்குத்தான் தைத்தது போலிருக்கிறது.

அடுத்த நாள் காலை சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பாரில் இட்லி சாப்பிட்டோம். சாம்பார் கிடையாது, சட்டினி மட்டும்தான், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். மதுரைக்காரியாகச் சொல்கிறேன், அந்தச் சட்டினிக்காக இன்னொரு முறை போகலாம். சாயங்காலம் கோட்டைப் பள்ளி மைதானத்தில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. பந்தலில் கடைசி வரிசைக்கு முன் வரிசை. அங்கே கடம் வாசித்தவரின் பக்கத்தில் மூன்று கடங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பிரிமணையின் மேல். நான் பாட்டைவிட அந்தப் பிரிமணைகளைத்தான் அதிகம் பார்த்தேன். துணி சுற்றித் தைத்த பிரிமணைகள். வைக்கோல் தூசி பையில் உதிராமல் இருக்க அதுதான் வழி என்று அப்போதே புரிந்துவிட்டது.

திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே தம்பி இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் இறக்கினான். கடம் ஒரு சத்தமும் போடவில்லை. வீட்டு வாசலில் பையைத் தோளில் மாட்டியபோது பட்டையின் பிளாஸ்டிக் கொக்கி விட்டுவிட்டது. கைப்பிடியையும் பிடித்திருந்ததால் தப்பியது. அடுத்த நாள் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் இரும்புக் கொக்கி மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அடி ஸ்பாஞ்சையும் காட்டினேன். தைக்கிறவரிடம் சொல்கிறோம் என்றார்கள். சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன், அடுத்த பை வாங்கும்போது பார்ப்பேன். உடைந்த பிறகு மாற்றிக் கொடுக்கும் நல்ல மனசு இருக்கிறது, முதலிலேயே இரும்புக் கொக்கி போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இதில் தொங்குவது பானை, கீழே விழுந்தால் கொக்கியை மட்டும் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் கொடுப்பது மூன்றரை நட்சத்திரம். பஸ்ஸிலோ வேனிலோ கடத்தோடு அலைகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். போர்வையையும் அண்டாவையும்விட இது எவ்வளவோ மேல். பக்கச் சுவர், கைப்பிடி, சீட்டில் நிற்கும் அந்தத் தட்டை அடி, இவை மூன்றுக்கும் கொடுத்த காசு தகும். வாங்கும்போது உங்கள் கடத்தைக் கடைக்கே எடுத்துப்போய் உள்ளே வைத்து, இரண்டு கையாலும் பையைக் குலுக்கிப் பாருங்கள். ஐந்தரைக் கட்டையோ அதற்கு மேலோ உள்ள சின்னக் கடம் என்றால் சுற்றிலும் செருக ஏதாவது வேண்டும். அடியில் பிரிமணை வைத்த பிறகும் ஜிப் மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என் ஐந்தரைக்கு மூடுகிறது, ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் இழுத்துத்தான் மூட வேண்டியிருக்கிறது. பிரிமணை ஊர்ச் சந்தையில் நாற்பது, ஐம்பது ரூபாய்க்கே கிடைக்கும். எனக்கு அப்பத்தா பழைய சுங்குடிச் சேலையைச் சுற்றித் தைத்து இரண்டு கொடுத்திருக்கிறார், இரண்டாவது கடத்துக்கும் சேர்த்து.